மூக்கிலிருந்து கிளம்பும் நரம்பு

வெள்ளாடு வளர்த்த வீட்டுக்காரர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். பெட்டை ஆடு மூத்திரம் பெய்த இடத்தில் கிடா மூக்கை வைக்கும். ஒரு நொடி அப்படியே நிற்கும். பிறகு கழுத்தை நீட்டித் தலையை மேலே தூக்கி, மேலுதட்டைச் சுருட்டிக்கொண்டு ஈறு தெரிய இளிக்கும். சின்ன வயதில் நாங்கள் "கிடா சிரிக்குது" என்று கத்துவோம். அது சிரிப்பில்லை. மோந்து பார்ப்பதில் அது இரண்டாவது கட்டம்.

குதிரையும் மாடும் இதையே செய்யும். பூனை வாயைப் பாதி திறந்து, ஏதோ கசந்துவிட்டதைப்போல முகத்தை வைத்துக்கொள்ளும். யானைக்கு உதட்டைச் சுருட்ட வேண்டிய அவசியமில்லை. தும்பிக்கை நுனியால் தொட்டுவிட்டு அந்த நுனியை வாய்க்குள் கொண்டுபோய் மேலண்ணத்தில் ஒற்றிக்கொள்ளும். ஜெர்மன் மொழியிலிருந்து வந்த 'ஃப்ளேமன்' என்ற பெயரைத்தான் விலங்கியலாளர்கள் இந்த முகபாவத்துக்கு வைத்திருக்கிறார்கள். சாதாரண மூக்கு காற்றில் மிதக்கும் வாசனையைப் பிடிக்கிறது. இவை தேடுவதோ ஈரத்தில் கரைந்திருக்கும், எளிதில் ஆவியாகாத பொருள்களை. அவற்றைப் பிடிக்க இன்னொரு மூக்கு வேண்டும்.

அந்த இன்னொரு மூக்குதான் ஜேக்கப்சன் உறுப்பு. கோபன்ஹேகனில் பிறந்த அறுவை மருத்துவர் லுட்விக் ஜேக்கப்சன் பல பாலூட்டிகளின் மூக்கை அறுத்துப் பார்த்து, 1813இல் இதை விவரித்தார். மூக்கின் இரண்டு துவாரங்களுக்கும் நடுவிலுள்ள தடுப்புச் சுவரின் அடியில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு மெல்லிய குழாய்கள். குழாய்க்குள் திரவம். ஒரு முனை மூடியிருக்கும், மறு முனை திறந்திருக்கும். ஆட்டுக்கு அது மேலண்ணத்தின் முன்பக்கத்தோடு ஒரு சிறு கால்வாயால் இணைந்திருக்கிறது. தலைக்கறி சமைப்பவர்கள் மேலண்ணத்தின் முன்னோரத்தில் ஒரு சின்ன மேட்டையும் அதன் இருபுறமும் கீறல்போல இருக்கும் துளைகளையும் கவனித்திருக்கலாம். வாசல் அதுதான். 'வோமரோநேசல்' என்ற உறுப்பின் அறிவியல் பெயர் 'வோமர்' என்ற எலும்பிலிருந்து வந்தது. லத்தீனில் வோமர் என்றால் ஏரில் பூட்டும் கொழு. தடுப்புச் சுவரின் அடி எலும்பு கொழுவைப்போல இருக்கும், அதனால்தான்.

சரி, உறுப்பு இருக்கிறது. அது பிடித்த சேதி மூளைக்குப் போக வேண்டுமே. அதற்கான நரம்பு இழைகள் கருவில் எப்படி உருவாகின்றன? நான் இங்கே சொல்ல வந்தது அந்தக் கதையைத்தான்.

முதலில் நரம்பு இழை என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். நரம்பு செல் ஒன்றுக்கு உடல் உண்டு. அதிலிருந்து நீளும் ஒற்றை வால் உண்டு. அந்த வாலுக்கு ஆக்ஸான் என்று பெயர். நரம்பு இழை என்று நாம் சொல்வது இந்த ஆக்ஸானைத்தான். ஆயிரக்கணக்கான ஆக்ஸான்கள் சேர்ந்து ஒரு கட்டாகப் போனால் அது நரம்பு. கண்ணுக்குத் தெரியும் வெள்ளை நூல் அந்தக் கட்டுதான்.

நம்மில் பலருக்கு நரம்பு என்றதும் வீட்டு மின்கம்பி நினைவுக்கு வரும். மீட்டர் பெட்டியில் தொடங்கி ஒவ்வொரு அறைக்கும் இழுப்பார்கள். மூளைதான் மீட்டர் பெட்டி, அங்கிருந்து கம்பி வெளியே போகிறது என்று நினைத்துக்கொள்கிறோம். தசையை அசைக்கும் நரம்புகளுக்கு அது ஓரளவு சரி. தொடு உணர்வு நரம்புகளுக்கும் செல்லின் உடல் மூளைக்கோ தண்டுவடத்துக்கோ பக்கத்தில் ஒரு முடிச்சில் உட்கார்ந்திருக்கிறது. மணத்துக்கான நரம்பு மட்டும் இந்த வழக்கத்துக்குக் கட்டுப்படாதது. அதன் செல்கள் மூக்கின் தோலிலேயே, வெளிக்காற்று படும் இடத்திலேயே பிறக்கின்றன. அங்கிருந்து வாலை நீட்டி மூளையைத் தேடிப் போகின்றன. பள்ளிப் படங்களில் மூளையிலிருந்து மூக்குக்குக் கோடு இழுத்து வைத்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் அம்புக்குறியைத் திருப்பிப் போடலாமே என்று எனக்குக் கை துறுதுறுக்கும்.

இதையெல்லாம் கண்டுபிடிக்க அதிகம் உதவியது சுண்டெலி. அதன் கர்ப்பம் இருபது நாள் அளவுதான், கருவை நாள் கணக்கில் வரிசையாக வைத்துப் பார்க்கலாம். கரு பிடித்து ஒன்பது, பத்து நாள் ஆகும்போது முகம் வரப்போகும் இடத்தில் தோல் இரண்டு வட்டங்களாகத் தடிக்கிறது. மூக்கு என்று சொல்லிக்கொள்ள அப்போது வேறெதுவும் இல்லை. தடித்த வட்டம் மெல்ல உள்வாங்கிக் குழியாகிறது. அந்தக் குழியின் சுவரில் ஒரு பக்கம் மட்டும், நடுத் தடுப்பை நோக்கிய பக்கம், இன்னொரு முறை உள்மடங்குகிறது. பெரிய குழி மூக்காகும், சிறிய மடிப்பு ஜேக்கப்சன் உறுப்பாகும். பதின்மூன்றாம் நாள் வாக்கில் மடிப்பு மூடிக் குழாயாகிவிடுகிறது. ஆக, இரண்டு மூக்கும் ஒரே தடிப்பிலிருந்து வந்த உடன்பிறப்புகள்.

நரம்பு இழைகள் இந்தக் கட்டட வேலை முடியும்வரை காத்திருப்பதில்லை. குழி இன்னும் குழியாகக்கூட ஆகாத பத்தாம் நாளை ஒட்டியே முதல் செல்கள் சில வாலை நீட்டத் தொடங்கிவிடுகின்றன. எண்ணிக்கையில் சொற்பம். இவற்றை முன்னோடி இழைகள் என்கிறார்கள். அப்போது மூக்குக்கும் மூளைக்கும் இடையே இருப்பது மில்லிமீட்டரில் ஒரு பங்குதான். இருந்தாலும், தானே ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு இருக்கும் செல்லுக்கு அது பெரிய தூரம். கரு வளர வளர அந்தத் தூரமும் நீளும். அதனால் சின்னதாக இருக்கும்போதே ஆற்றைத் தாண்டி ஒரு கயிறு கட்டிவிடுவது புத்திசாலித்தனம். பின்னால் வரும் இழைகள் முன்னோடிகளின் முதுகைத் தொட்டபடியே போய்ச் சேர்ந்துவிடும்.

இழை எப்படி வழி பார்க்கிறது? அதன் நுனியில் விரித்த கைபோல ஒரு பகுதி இருக்கிறது. அதிலிருந்து மெல்லிய விரல்கள் நீள்வதும் மடங்குவதுமாக இருக்கும். ஸ்பெயினின் சான்டியாகோ ரமோன் இ காஹால் 1890இல் கோழிக் கருவின் தண்டுவடத்தில் இந்த நுனியைப் பார்த்து, அதற்கு வளர்கூம்பு என்று பொருள்படும் பெயரை வைத்தார். அவர் பார்த்தது சாயமேற்றிய இறந்த திசுவை. இருந்தும் அது உயிரோடு முட்டி மோதி முன்னேறும் ஒன்று என்று எழுதினார். 1907இல் அமெரிக்காவின் ராஸ் ஹாரிசன் தவளைக் கருவின் நரம்புத் திசுவை ஒரு துளி நிணநீரில் வைத்து, இழை நீள்வதை நுண்ணோக்கியில் நேரடியாகவே பார்த்தார். காஹாலின் ஊகம் சரிதான் என்று ஆனது. வளர்கூம்பு சுற்றுப்புறத்திலுள்ள புரதங்களைத் தடவிப் பார்க்கிறது. சில புரதங்கள் 'வா' என்கின்றன, சில 'போ' என்கின்றன. விரல் ஒட்டிக்கொண்ட பக்கம் இழை நீளும், சுருண்ட பக்கம் திரும்பிவிடும். இழைக்கு மொத்த வரைபடம் எதுவும் தெரியாது.

இன்னொரு விஷயம், மூக்கிலிருந்து இழைகள் மட்டும் கிளம்புவதில்லை. அவற்றோடு ஒரு பெரிய கும்பலே கிளம்புகிறது. இழைகளைச் சுற்றிப் போர்த்தும் உறை செல்கள் அதில் உண்டு. அவை மூக்குத் தடிப்பில் பிறந்தவை என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். முதுகுப் பக்கத்திலிருந்து உடலெங்கும் பரவும் நரம்பு முகடு என்ற செல் கூட்டத்திலிருந்து வந்தவை என்று 2010இல்தான் தெரிந்தது. மற்ற நரம்புகளில் ஒவ்வொரு தடித்த இழைக்கும் தனித்தனியாகக் கொழுப்பு உறை சுற்றப்படும். இங்கே அப்படியில்லை; ஒரு உறை செல் தன் கைக்குள் நூற்றுக்கணக்கான வெற்று இழைகளை மொத்தமாக அணைத்துக்கொண்டு போகிறது. இழைகளும் அவ்வளவு மெலிசு: குறுக்களவு ஒரு மைக்ரோமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. தலைமுடி ஒன்றின் அகலத்துக்குள் முன்னூறுக்கு மேல் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கலாம்.

மூக்குக்கும் மூளைக்கும் நடுவே சல்லடை எலும்பு என்று ஒன்று இருக்கிறது. பெயருக்கேற்ப ஓட்டை ஓட்டையாக இருக்கும், ஓட்டை வழியே நரம்புக் கற்றைகள் போகும். பார்த்தால் நரம்பு எலும்பைத் துளைத்துக்கொண்டு போனதாகத் தோன்றும். உண்மையில் இழைகள் போகும்போது அங்கே எலும்பே கிடையாது, இளகிய திசுதான். எலும்பு பிறகு வந்து, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கற்றைகளைச் சுற்றி இறுகுகிறது. நட்டு வைத்த கம்பைச் சுற்றி சிமென்ட் ஊற்றினால் எப்படியோ அப்படி.

இப்போது முன்னோடிகள் மூளையின் விளிம்பைத் தொட்டுவிட்டன. பதினொன்றாம், பன்னிரண்டாம் நாள். அங்கே அவற்றை வரவேற்க நுகர் குமிழ் தயாராக இருக்கிறதா என்றால் இல்லை! நுகர் குமிழ் என்பது மணச் சேதியை முதலில் வாங்கும் மூளைப் பகுதி. முன்னோடி இழைகள் சில மூளைச் சுவருக்குள் நுழைந்ததும் அந்த இடத்துச் செல்கள் பிரிந்து பெருகும் வேகத்தை மாற்றிக்கொள்கின்றன, பிறகுதான் சுவர் புடைத்துக் குமிழாகிறது. தவளைக் குஞ்சுகளின் கருவில் மூக்குத் தடிப்பை முன்கூட்டியே வெட்டி எடுத்துவிட்டால் அந்தப் பக்கத்துக் குமிழ் உருவாவதே இல்லை. விருந்தாளி வந்து வாசலில் நின்ற பிறகு வீடு கட்டத் தொடங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மூக்கின் இழைகளும் இங்கேதான் பிரிகின்றன. பெரிய மூக்கின் இழைகள் குமிழின் பரப்பில் பரவி அங்கேயே தங்கிவிடும். ஜேக்கப்சன் உறுப்பின் இழைகளுக்கு அங்கே இடமில்லை. அவை தனிக் கற்றைகளாக, இடது குமிழுக்கும் வலது குமிழுக்கும் நடுவிலுள்ள சந்து வழியே பின்னோக்கிப் போய், குமிழின் முதுகில் பின்பக்கம் ஒட்டியிருக்கும் துணைக் குமிழில் ஏற வேண்டும். வழியெல்லாம் பெரிய குமிழின் பரப்பை உரசியபடிதான் பயணம். ஆனாலும் உள்ளே நுழைவதில்லை. செமாஃபோரின் என்ற புரதக் குடும்பம் சில இழைகளுக்கு 'இங்கே வராதே' என்று சொல்லும். அதைக் கேட்கும் காது நியூரோபிலின்-2 என்ற இன்னொரு புரதம். அந்தக் காதுக்கான மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகளை 2002இல் ஆராய்ந்தபோது, இறுக்கமாகப் போக வேண்டிய கற்றை பிரிபிரியாக அவிழ்ந்திருந்தது. சில இழைகள் பெரிய குமிழுக்குள்ளேயே புகுந்துவிட்டிருந்தன.

துணைக் குமிழுக்குப் போன பிறகும் இடத் தகராறு தீர்ந்தபாடில்லை. ஜேக்கப்சன் உறுப்பின் சுவரில் உணர்செல்கள் இரண்டு தளங்களில் அமர்ந்திருக்கின்றன. சேதிப் பொருளைப் பிடித்துக்கொள்ளும் புரதங்களுக்கு ஏற்பிகள் என்று பெயர். மேல்தளத்துச் செல்கள் ஒரு குடும்ப ஏற்பிகளையும் கீழ்த்தளத்துச் செல்கள் வேறொரு குடும்ப ஏற்பிகளையும் வைத்திருக்கின்றன. முதல் குடும்பத்தை 1995இல் கேத்தரின் டுலாக்கும் ரிச்சர்ட் ஆக்ஸெலும் கண்டறிந்தார்கள். இரண்டாவது குடும்பம் 1997இல் தெரியவந்தது. சுண்டெலிக்கு இரண்டும் சேர்ந்து இருநூறுக்கு மேல். மேல்தளத்து இழைகள் துணைக் குமிழின் முன்பாதிக்குப் போகின்றன, கீழ்த்தளத்து இழைகள் பின்பாதிக்கு. கீழ்த்தளத்தார் முன்பாதியில் இறங்காமல் இருக்கக் காரணம், அங்கே சுரக்கும் ஸ்லிட் என்ற விலக்குப் புரதம். அதை உணரும் ரோபோ-2 என்ற புரதம் கீழ்த்தளத்து இழைகளில்தான் அதிகம் இருக்கிறது. ஆக, அவை முன்பாதியைத் தாண்டிப் பின்னால் போய்விடுகின்றன. முழுக்க முழுக்க 'போ, போ' என்ற விரட்டலிலேயே சரியான இடம் அமைந்துவிடுவது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும்.

இதற்கு மேல் இன்னும் நுணுக்கமான ஒரு ஏற்பாடு உண்டு. பெரிய மூக்கில் ஒவ்வொரு செல்லும் ஆயிரத்துச் சொச்சம் ஏற்பிகளில் ஒன்றை மட்டும் தேர்ந்து வைத்துக்கொள்கிறது. ஒரே ஏற்பியைத் தேர்ந்த செல்கள் மூக்கில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும். ஆனால் அவற்றின் இழைகள் எல்லாம் குமிழில் ஒரே உருண்டையில் வந்து முடியும். குளோமெருலஸ் என்பது அந்த உருண்டையின் பெயர். சுண்டெலியின் ஒரு குமிழில் சுமார் 1,800 உருண்டைகள் உண்டு, ஒரு ஏற்பிக்கு அதில் இரண்டே இரண்டு. 1996இல் பீட்டர் மோம்பார்ட்ஸும் ஆக்ஸெலின் ஆய்வகத்தாரும் ஒரே ஏற்பியைக் கொண்ட செல்களின் இழைகள் மட்டும் நீலமாகத் தெரியும்படி சுண்டெலிகளின் மரபணுவை மாற்றினார்கள். சிதறிய புள்ளிகளிலிருந்து கிளம்பிய நீல நூல்கள் எல்லாம் ஒரே இடத்தில் சங்கமிப்பதை அந்தப் படத்தில் பார்க்கலாம். முதல் தடவை பார்க்கிறவர்கள் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்கள். ஜேக்கப்சன் உறுப்பின் இழைகளுக்கு இந்தக் கறார்த்தனம் கிடையாது. 1999இல் அதே முறையில் பார்த்தபோது, ஒரே ஏற்பியின் இழைகள் பத்து முதல் முப்பது சின்ன உருண்டைகளில் பிரிந்து முடிந்தன.

இதுவரை சொன்னவை எல்லாம் உறுப்பிலிருந்து வெளியே போகும் இழைகள். உறுப்புக்குள் வரும் இழைகளும் உண்டு, அவற்றைப் பலரும் மறந்துவிடுவார்கள். ஜேக்கப்சன் உறுப்பு ஒரு முனை மூடிய குழாய் என்றேன். காற்று ஓடும் மூக்குபோல இதற்குள் தானாக எதுவும் வராது; திரவத்தை உறிஞ்சி எடுக்க வேண்டும். அதற்காகக் குழாயை ஒட்டியே ஒரு பெரிய ரத்தநாளம் போகிறது. குழாயும் நாளமும் சேர்ந்து ஒரு கெட்டியான உறைக்குள் இருப்பதால், நாளம் சுருங்கினால் குழாய் விரிந்தே ஆக வேண்டும். விரிந்தால் வெளியிலுள்ள திரவம் உள்ளே இழுக்கப்படும். நாளம் மறுபடி விரிந்தால் திரவம் வெளியே தள்ளப்படும். பேனாவில் மை உறிஞ்சுவது போலத்தான். நாளத்தைச் சுருக்கும் உத்தரவு பரிவு நரம்பிலிருந்து வருகிறது; பயம், பரபரப்பு, கிளர்ச்சி வரும்போது வேலை செய்யும் நரம்பு அது. எழுபதுகளின் இறுதியில் வெள்ளெலிகளை (ஹாம்ஸ்டர்) வைத்துச் செய்த சோதனைகளில் இந்தப் பம்ப் நிரூபணமானது. இவை தவிர, எரிச்சலையும் தொடுதலையும் உணரும் முக்கிளை நரம்பின் இழைகளும் உறுப்பின் சுவரில் படர்ந்திருக்கும்.

வெளியே போகிறவை, உள்ளே வருகிறவை, இரண்டும் ஒரே கற்றையில்கூடப் பின்னிக் கிடக்கலாம். எது எது என்று எப்படித்தான் பிரித்துப் பார்க்கிறார்கள்? காஹால் காலத்தில் வெள்ளி உப்புச் சாயம்தான். அது இழைகளைக் கறுப்பாக்கிவிடும், எது யாருடையது என்று சொல்லாது. இன்று பயன்படும் உத்திகளில் எனக்குப் பிடித்தது இரண்டு புரதங்களை வைத்துச் செய்வது. நீண்டுகொண்டிருக்கும் இழையில் கேப்-43 என்ற புரதம் நிறைய இருக்கும். இணைப்பு முடிந்து முதிர்ந்த மண நரம்பில் அது குறைந்து, ஓ.எம்.பி. என்ற வேறொரு புரதம் வரும். இரண்டுக்கும் இரண்டு நிறத்தில் குறியிட்டால் எந்த இழை இன்னும் பயணத்தில் இருக்கிறது, எது வீடு சேர்ந்துவிட்டது என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும். கருவில் எங்கும் முதல் நிறம். பிறப்பை நெருங்க நெருங்க இரண்டாவது நிறம் எட்டிப் பார்க்கும். இன்னொரு முறையில், கொழுப்பில் கரையும் ஒரு சாயத் துகளைத் துணைக் குமிழில் வைத்துவிட்டுப் பொறுமையாகக் காத்திருக்கிறார்கள். சாயம் இழையின் சவ்வு வழியே ஊர்ந்து, மூக்கிலுள்ள சொந்தக்கார செல்லில் போய் நிற்கும். கரு இறந்து பதப்படுத்தப்பட்ட பிறகும் இந்தச் சாயம் ஓடும் என்பதால் ஆய்வாளர்களுக்கு இது பெரிய வசதி.

வளர்ந்த விலங்கின் மூக்கிலும் முதல் நிறம் முழுதாக மறைவதில்லை என்பது இந்தச் சாயங்கள் காட்டிய ஆச்சரியம். மூளை நரம்பு செல் செத்தால் பெரும்பாலும் போனது போனதுதான். மூக்குச் செல்கள் அப்படியல்ல. தூசியும் கிருமியும் நேரடியாகப் படுகிற இடம் என்பதால் சில மாதங்களிலேயே தேய்ந்து உதிரும், அடியிலுள்ள மூலச் செல்கள் புதியவற்றை அனுப்பும். பிறந்த ஒவ்வொரு செல்லும் கருவில் நடந்த அதே பயணத்தை மறுபடி செய்ய வேண்டும்: வாலை நீட்ட வேண்டும், சல்லடையைத் தாண்ட வேண்டும், தனக்குரிய உருண்டையைக் கண்டுபிடிக்க வேண்டும். பழைய செல் இறந்தாலும் உறை செல்கள் சுரங்கப்பாதையை மூடாமல் வைத்திருப்பதால் இது நடக்கிறது. தண்டுவடம் அறுந்தவர்களுக்கு இந்த உறை செல்களைப் பயன்படுத்த முடியுமா என்ற யோசனை அங்கிருந்துதான் வந்தது. லண்டனின் ஜெஃப்ரி ரெய்ஸ்மன் பல ஆண்டுகள் இதற்காக உழைத்தார். 2014இல் போலந்து மருத்துவர்கள், நோயாளி ஒருவரின் நுகர் குமிழிலிருந்தே செல்களை எடுத்து அவருடைய தண்டுவடத்தில் வைத்து, காலில் ஓரளவு அசைவும் உணர்வும் திரும்பியதாக அறிவித்தார்கள். ஒருவரை வைத்து ஒரு சிகிச்சையைத் தீர்மானிக்க முடியாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும்.

கும்பலாகக் கிளம்புகிறார்கள் என்று முன்னால் சொன்னேன் அல்லவா? உறை செல்களைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அந்தக் கும்பலில் முக்கியமான இன்னொரு பயணி இருக்கிறது. பருவமடைதலைத் தொடங்கி வைப்பது மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலாமஸ். அங்கே ஜி.என்.ஆர்.எச். என்ற ஹார்மோனைச் சுரக்கும் சில நரம்பு செல்கள் இருக்கின்றன. சுண்டெலியில் மொத்தமே 800 அளவுதான். இந்தச் சொற்பச் செல்கள் வேலை செய்யாவிட்டால் பிட்யூட்டரி சுரப்பி சும்மா இருக்கும், விரையும் சூலகமும் விழிக்கவே விழிக்காது. இவ்வளவு முக்கியமான செல்கள் மூளையில்தான் பிறந்திருக்கும் என்று யாரும் நினைப்பார்கள். 1989இல் சுண்டெலிக் கருக்களை நாள்வாரியாகப் பார்த்த இரண்டு குழுக்கள் வேறொன்றைக் கண்டன. பதினொன்றாம் நாளில் இவை மூக்கில், ஜேக்கப்சன் உறுப்பு உருவாகும் மடிப்பின் பக்கத்தில் இருக்கின்றன. அடுத்த சில நாளில் நரம்பு இழைகளைப் பற்றிக்கொண்டு வரிசையாக நடு வழியில். பதினாறாம் நாள் வாக்கில் மூளைக்குள். மணத்தின் நரம்பு அவற்றுக்குக் கொடிக்கயிறு.

கயிறு அறுந்தால் என்ன ஆகும்? அதற்கும் பதில் அதே ஆண்டில் கிடைத்தது, இம்முறை மனிதக் கருவிலிருந்து. பிறவியிலேயே மணம் தெரியாமலும், வயது வந்தும் பருவமடையாமலும் இருக்கும் நிலைக்குக் கால்மன் நோய்க்குறி என்று பெயர். 1944இல் ஃப்ரான்ஸ் கால்மன் இது குடும்பங்களில் வழிவழியாக வருவதை எழுதினார். அதற்கும் முன்னால், 1856இலேயே, ஸ்பெயினின் மயெஸ்த்ரே தே சான் ஹுவான் என்ற மருத்துவர் பிரேதப் பரிசோதனையில் ஒருவருக்கு நுகர் குமிழும் இல்லை, விரைகளும் வளரவில்லை என்று குறித்துவைத்திருந்தார். மூக்குக்கும் விரைக்கும் என்ன சம்பந்தம் என்பது நூறாண்டுக்கு மேல் புதிராகவே கிடந்தது. 1989இல் இந்தக் குறைபாடு கொண்ட 19 வாரக் கரு ஒன்றை ஆராய்ந்தபோது, நரம்பு இழைகள் சல்லடை எலும்பைத் தாண்டியும் மூளைக்குள் நுழையாமல், அதன் வாசலிலேயே சிக்குப் பிடித்த நூலாகச் சுருண்டு கிடந்தன. ஹார்மோன் செல்கள் அந்தச் சிக்கில் மாட்டிக்கொண்டிருந்தன. மூளைக்குள் ஒன்றுகூட இல்லை. இரண்டு குறைகளும் ஒரே காரணத்தின் இரண்டு முகங்கள் என்பது அன்று விளங்கியது. இதற்குக் காரணமான முதல் மரபணு, எக்ஸ் குரோமோசோமில் உள்ளது, 1991இல் கண்டுபிடிக்கப்பட்டது. ஆண்களிடம் இது அதிகம் காணப்படுவதற்கு அதுவும் ஒரு காரணம். இவ்வளவு உதவிய சுண்டெலிக்கு அந்த மரபணுவே கிடையாது என்பது ஆய்வாளர்களின் தலைவலி.

கதையில் ஒரு சின்னத் திருத்தம் பின்னால் வந்தது. அந்தச் செல்கள் பிடித்துக்கொண்டு போவது ஜேக்கப்சன் உறுப்பின் இழைகளைத்தானா, அல்லது அவற்றோடு ஒட்டியே ஓடும் 'முனை நரம்பு' என்ற வேறொரு மெல்லிய நரம்பையா? நுகர் குமிழே உருவாகாத சுண்டெலிகளை 2017இல் பார்த்தார்கள். அவற்றில் மண இழைகளும் ஜேக்கப்சன் இழைகளும் வெளியே தேங்கிவிட்டன, ஹார்மோன் செல்களோ முனை நரம்பின் வழியே மூளைக்குள் போய்ச் சேர்ந்திருந்தன. ஆகவே கயிறு ஒன்றல்ல, ஒரே கற்றையில் பல கயிறுகள். செல்கள் பிடித்திருப்பது அதில் மிக மெலிசானதை. பழைய பாடநூல்களில் இன்னும் முந்தைய விளக்கமே இருக்கும், குழம்ப வேண்டாம்.

நமக்கு ஜேக்கப்சன் உறுப்பு உண்டா என்று இந்நேரம் கேட்டிருப்பீர்கள். கருவில் உண்டு. ஆறாவது, எட்டாவது வாரத்தில் மனிதக் கருவின் மூக்கிலும் அதே இரண்டு குழாய்கள் தெரியும், இழைகளும் கிளம்பும். பிறப்பதற்கு முன்பே அந்த இழைகள் மறைந்துவிடுகின்றன. வளர்ந்த பலருக்கு நடுத் தடுப்பில் ஒரு சின்னக் குழி மட்டும் மிச்சம். அதிலிருந்து மூளைக்கு நரம்பு எதுவும் போவதில்லை, போனாலும் வாங்கிக்கொள்ளத் துணைக் குமிழ் இல்லை. ஜேக்கப்சன் உறுப்பின் செல்கள் மின்சேதியாக மாற்றப் பயன்படுத்தும் டி.ஆர்.பி.சி-2 என்ற மரபணு, நம் மூதாதைக் குரங்குகளிடம் இரண்டு கோடி ஆண்டுகளுக்கும் முன்பே பழுதாகிவிட்டது. ஆய்வகத்தில் இதே மரபணுவை முடக்கிய ஆண் சுண்டெலி, எதிரே வரும் ஆணோடு சண்டை போடாமல் அதையும் பெண்ணாக நினைத்துச் சுற்றி வரும். ஒரு விலங்கு தன் இனத்துக்கே சேதி சொல்ல வெளியிடும் பொருளுக்குப் பெரோமோன் என்று பெயர். இந்த உறுப்பின் பெயரைச் சொல்லி மனிதர்களுக்குப் 'பெரோமோன்' வாசனைத் திரவியம் விற்கிறவர்கள் இருக்கிறார்கள். இத்தனைக்கும் பன்றியே, கிடாப்பன்றியின் பெயர்பெற்ற பெரோமோனை இந்த உறுப்பால் உணர்வதில்லை. உறுப்பை அடைத்துவிட்டுச் சோதித்தபோதும் பெண்பன்றிகள் வழக்கம்போல இணைசேரத் தயாராக அசையாமல் நின்றன. சாதாரண மூக்கே போதுமாயிருந்தது.

பதினாறு, பதினேழு வயதாகியும் குரல் உடையாத, மீசை அரும்பாத பையனை அழைத்துக்கொண்டு பெற்றோர் ஹார்மோன் மருத்துவரிடம் போனால், ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுப்பதற்கு முன் அவர் சம்பந்தமே இல்லாததுபோல ஒன்று கேட்பார்: "தம்பி, உனக்கு வாசனை தெரியுமா?" பிறந்ததிலிருந்தே தெரியாதவனுக்குத் தெரியாது என்பதே தெரிந்திருக்காது, "தெரியும் சார்" என்றுதான் பெரும்பாலும் சொல்வான். அதனால் கண்ணை மூடச் சொல்லி, ஒரு சின்னப் புட்டியைத் திறந்து மூக்கருகே நீட்டுவார். புட்டியில் இருப்பது காபித்தூளாக இருக்கும்.